எத்தனை சீட்டுகளை எண்ணுவது? வேலூரிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் ஒரு மனுவோடு வந்தார்கள். மின்னணு இயந்திரத்தைக் கைவிட்டுப் பழைய வாக்குச்சீட்டு முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கை. "ஐயா, நீங்கள் எத்தனையோ தேர்தலில் வேலை பார்த்தவர். நீங்கள் போட்டால் தெருவே போடும்" என்று பேனாவை நீட்டினார்கள். இருவரில் ஒருவன் என்னிடம் படித்தவன். நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டதில் அவன் முகம் வாடிவிட்டது. அந்த இரண்டு நாளும் யோசித்ததை எழுதுகிறேன்.

1988-ல் ஆசிரியர் வேலையில் சேர்ந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். வடஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் தொடங்கி, வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்த பிறகும் தேர்தல் பணி என்னை விடவில்லை. பேரணாம்பட்டுப் பக்கம், காட்பாடிப் பக்கம், ஒருமுறை அணைக்கட்டுத் தொகுதியின் மலைக் கிராமம் ஒன்றில் என்று பல இடங்களில் இரவு தங்கி வாக்குச்சாவடி நடத்தியிருக்கிறேன். பெட்டிக்கு அரக்கு வைத்து முத்திரை குத்தியதும் உண்டு, இயந்திரத்தில் 'டோட்டல்' பொத்தானை அழுத்தி எண்ணிக்கை சொன்னதும் உண்டு. இரண்டு முறையிலும் என்ன தவறு நடக்கும் என்பதை ஓரளவு அருகிலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

இயந்திரத்தைச் சந்தேகிப்பவர்களைத் தோற்றுப்போனவர்கள் என்று சொல்லி ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. நேற்று வென்றபோது சும்மா இருந்தவர் இன்று தோற்றபோது கேட்கிறார் என்பது உண்மைதான். ஆனால் கேள்வி யார் வாயிலிருந்து வந்தாலும் கேள்வி கேள்விதானே. எங்கள் வேலூரையே பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அப்படியிருந்தும் இரண்டாம் இடம் வந்த பாஜக வேட்பாளர் இயந்திரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். ஒரு இயந்திரத்தைச் சரிபார்க்க அப்போது கட்டணம் வரியோடு 47,200 ரூபாய். மத்தியில் ஆளும் கட்சியின் வேட்பாளரே பணம் கட்டிச் சரிபார்க்கக் கேட்கிறார் என்றால், சந்தேகம் ஒரு கட்சிக்குச் சொந்தமானதல்ல என்பது விளங்கும்.

ஜெர்மனியில் 2009 மார்ச் மாதம் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2005 தேர்தலில் வாக்குக் கணினிகளைப் பயன்படுத்தியது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. யாரோ தில்லுமுல்லு செய்துவிட்டார்கள் என்பதற்காக அல்ல. வாக்கு சேர்ந்ததையும் எண்ணப்பட்டதையும் தனிப்பட்ட தொழில்நுட்ப அறிவு இல்லாத ஒரு சாதாரணக் குடிமகன் தானே சரிபார்க்க முடிய வேண்டும், அது அந்தக் கணினிகளில் முடியாது என்பதற்காக. நான் எல்லா முறைகளையும் இந்த ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். என் அக்கா எட்டாம் வகுப்புவரை படித்தவள், பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவள். அவள் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆதாரம் எந்த முறையில் இருக்கிறது?

முதலில் மனு கேட்கும் பழைய முறை.

பழைய முறை பழையதாகிவிடவில்லை என்பது பலருக்கு மறந்துபோயிருக்கிறது. எங்கள் மாவட்டம் பத்தரை மாதத்துக்குள் மூன்று விதமாக வாக்களித்தது. 2021 ஏப்ரல் 6-ல் சட்டமன்றத் தேர்தல், இயந்திரமும், போட்ட வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட்டும் சேர்ந்து. அதே ஆண்டு அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல், முழுக்க வாக்குச்சீட்டு. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல், இயந்திரம் மட்டும், விவிபேட் கிடையாது. நகரத்தில் இருக்கும் நான் கவுன்சிலருக்குப் போட்ட வாக்குக்குத் தாளில் ஒரு சாட்சியும் இல்லை. கிராமத்தில் இருக்கும் என் அக்கா ஊராட்சித் தலைவருக்குப் போட்ட வாக்கு முழுக்க முழுக்கத் தாள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எந்த ஊருக்குக் கிடைக்கும்?

அந்த அக்டோபர் தேர்தலில் எனக்குப் பணி இருந்தது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள் என்று நான்கு தாள்கள். ஒரு பெண்மணி நான்கையும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனவர் ஐந்து நிமிடம் கழித்தும் வரவில்லை. "எதற்கு எது ஐயா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உள்ளே எட்டிப் பார்க்க எனக்கு உரிமையில்லை. வெளியில் நின்றபடியே நிறத்தைச் சொல்லி விளக்கினேன். மடிக்கும்போது மை அடுத்த சின்னத்தில் ஒட்டாமல் இருக்க எப்படி மடிப்பது என்று காட்டிக் காட்டி அன்று என் கை ஓய்ந்துபோனது.

எண்ணும் நாளில் இன்னொரு காட்சி. ஒரு தாளில் முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவிலுள்ள கோட்டின்மேல் விழுந்திருந்தது. எங்களுக்கு, இல்லை எங்களுக்கு, செல்லாது என்று அரை மணி நேரம் வாதம். நள்ளிரவு தாண்டியும் மேசையைச் சுற்றிக் கூட்டம். எல்லோருக்கும் அலுப்பு, எனக்குத் தலைவலி. ஆனால் அந்த வாதத்தில் ஒரு பெருமை இருந்ததை அப்போதே உணர்ந்தேன். சண்டை போட்ட அத்தனை பேரும் அந்தத் தாளைத் தங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டு சண்டை போட்டார்கள். உள்ளே என்ன நடந்ததோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாளுக்கு நான் தரும் முழு மதிப்பும் இதற்குத்தான். மற்றபடி, தாள் இருந்த காலத்தைப் பொற்காலமாகப் பேசுபவர்கள் அப்போது சாவடிக்குள் உட்கார்ந்து பார்க்காதவர்கள். தொண்ணூறுகளில் ஒரு கிராமத்தில், மாலை நான்கு மணிக்கு மேல், ஆறேழு பேர் உள்ளே நுழைந்து மேசையிலிருந்த வாக்குச்சீட்டுக் கட்டைப் பிடுங்கி, கிழித்துக் கிழித்து முத்திரை குத்திப் பெட்டியில் போட்டார்கள். காவலர் ஒருவர், கையில் லத்தி மட்டும். எல்லாம் முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இயந்திரத்தில் நிமிடத்துக்கு நான்கு வாக்குகளுக்கு மேல் பதிவாகாது. 'குளோஸ்' பொத்தானை அழுத்திவிட்டால் அதன்பின் ஒரு வாக்கும் விழாது. அன்று என்னிடம் அந்தப் பொத்தான் இருந்திருந்தால் மறுதேர்தல் தேவைப்பட்டிருக்காது. 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டு வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆனது இதே தமிழ்நாட்டில்தான். செல்லாத ஓட்டுகளின் குவியலை எண்ணிக் கட்டிய அனுபவமும் எனக்கு உண்டு. அந்தக் குவியலில் இருந்தவை பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளின் வாக்குகள் என்பதை நினைத்தால், முழுக்கத் தாளுக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நடப்பில் இருக்கும் முறை.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தது. விவிபேட் அப்போது இல்லை. சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தாள் சாட்சி அவசியம் என்று சொன்ன பிறகு, படிப்படியாக வந்து, 2019-ல் எல்லா மக்களவைத் தொகுதிகளுக்கும் வந்தது. வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து, அறுந்து பெட்டிக்குள் விழுகிறது. வாக்கு எண்ணும் நாளில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து அந்தச் சீட்டுகளை எண்ணி இயந்திரத்தின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். முதலில் ஒன்றாக இருந்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது.

2019 ஆகஸ்ட் 5-ல் வேலூருக்கு மட்டும் தனியாக மக்களவைத் தேர்தல் நடந்தது நினைவிருக்கும். ஏப்ரலில் நடக்க வேண்டியது, பிடிபட்ட பணத்தால் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தானது. இந்தத் தொகுதியின் தேர்தலை நிறுத்தியது பணம்தான், இயந்திரம் இல்லை என்பதை மனு கொண்டுவரும் தம்பிகள் மறக்கக் கூடாது. அந்த ஆகஸ்டில் 28 வேட்பாளர்கள், நோட்டாவோடு 29 வரிசை. ஒரு பேலட் யூனிட்டில் 16 பேருக்குத்தான் இடம் என்பதால் ஒவ்வொரு சாவடியிலும் இரண்டு வைத்தோம். "இரண்டு பெட்டி இருக்கிறதே சார், இரண்டு ஓட்டுப் போட வேண்டுமா?" என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

காலை ஐந்தரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு. முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு, முடித்து, முடிவைக் காட்டி, விவிபேட் சீட்டுகளை எண்ணி இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபித்து, பிறகு எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அந்தச் சீட்டுகளின் பின்புறம் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு மூடி வைக்க வேண்டும். அன்று என் சாவடியில் ஐந்தரை மணிக்கு வந்திருந்தது ஒரே ஒரு முகவர். மற்றவர்கள் ஆறரைக்கு வந்து, நடந்ததைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டார்கள். மாலையில் மொத்தம் எத்தனை வாக்கு என்று எழுதி ஒப்பமிட்டுத் தரும் 17சி படிவத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததோடு சரி. அந்த ஒரு தாள் கையில் இருந்தால் எண்ணும் நாளில் பெட்டி மாறியதா, எண்ணிக்கை கூடியதா என்று நொடியில் தெரிந்துவிடும். அதைப் பத்திரமாக வைக்கத் தெரியாத கட்சிகள் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் செய்யப்படும் இயந்திரத்தின் உள்ளிருக்கும் சில்லைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இந்த அழிக்கும் வேலையை ஓர் அதிகாரி மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2019-ல் ஆந்திராவின் மைதுகூர் தொகுதியில் ஒரு சாவடியில் கணக்கு ஒத்துவரவில்லை. மாதிரி வாக்குகளை அழிக்காமல் விட்டதுதான் காரணம். நாடு முழுவதும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணிப் பார்த்ததில் இந்த ஒன்று தவிர வேறு வித்தியாசம் வரவில்லை என்று 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. இது இயந்திரத்துக்குச் சாதகமான பெரிய ஆதாரம். குறைத்துச் சொல்ல மாட்டேன். அதேநேரம், 2010-ல் பொறியாளர் ஹரி பிரசாத்தும் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, ஓர் இயந்திரம் கையில் கிடைத்தால் அதன் உள்பாகத்தை மாற்றி முடிவைத் திருத்த முடியும் என்று செய்து காட்டியதையும் குறைத்துச் சொல்ல முடியாது. தாள் சாட்சி தேவைப்பட்டதே இப்படிப்பட்ட கேள்விகளால்தான்.

ஆக, தாள் ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு சீட்டு. இயந்திரமும் சீட்டும் வேறுபட்டால் சீட்டின் கணக்கே செல்லும் என்று தேர்தல் நடத்தை விதி 56டி சொல்கிறது. பிறகு ஏன் அதில் சிறு துளியை மட்டும் எண்ணுகிறோம்? என் மனத்தை உறுத்துவது இந்த ஐந்து என்ற எண்தான்.

காட்பாடியை எடுத்துக்கொள்கிறேன். 2021-ல் அங்கே துரைமுருகன் 746 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அங்கே தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை, அந்த எண்ணை மட்டும் கணக்குக்கு எடுக்கிறேன். ஒரு தொகுதியில் 300 சாவடிகள் என்று வையுங்கள். 375 வாக்குகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறினால் வித்தியாசத்தில் அது 750 ஆகிவிடும். ஐந்து இயந்திரங்களில் தலா 75 வாக்கு மாறினால் போதும். 300-ல் அந்த ஐந்து இயந்திரங்களில் ஒன்றாவது, குலுக்கிப் போட்டு எடுக்கும் ஐந்தில் சிக்குவதற்கு என்ன வாய்ப்பு? நூற்றுக்கு எட்டுதான். நூறு தடவை நடந்தால் தொண்ணூற்றிரண்டு தடவை தெரியாமலே போய்விடும்.

இதையே பத்து சதவீத வித்தியாசத்தில் முடியும் தேர்தலில் பாருங்கள். ஏறக்குறைய 1,85,000 வாக்குகள் பதிவானால் வித்தியாசம் 18,500. இயந்திரத்துக்கு அதே 75 வாக்கு வீதம் மாற்றி அதைப் புரட்டிப்போட 120 இயந்திரங்களுக்கு மேல் கைவைக்க வேண்டும். அப்போது அதே ஐந்து சாவடிக் குலுக்கல் நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் 2024 மக்களவை முடிவு போல இரண்டு லட்சம் வித்தியாசம் என்றால் ஆறு சட்டமன்றப் பகுதிகளுக்குமாகச் சேர்த்து எண்ணும் முப்பது தாராளம். ஆனால் 2019 ஆகஸ்டில் இதே தொகுதியில் வித்தியாசம் 8,141 மட்டுமே. அதற்கும் முப்பது, இதற்கும் முப்பது. லேசான காய்ச்சலுக்கும் கடுமையான காய்ச்சலுக்கும் ஒரே அளவு மருந்து கொடுப்பது போல.

எல்லாச் சீட்டுகளையும் எண்ணிவிட்டால் என்ன என்பது அடுத்த வழி. நூற்றுக்கு நூறு எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 தீர்ப்பு ஏற்கவில்லை. பாதிச் சாவடிகளை எண்ணினாலே முடிவு வர ஐந்தாறு நாள் தாமதமாகும் என்று தேர்தல் ஆணையம் 2019-ல் சொல்லியிருந்தது. எனக்கு அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று தெரியும். வங்கிக் காசாளர் கூண்டு போலக் கம்பி வலை அடித்த ஒரே ஒரு மேசையில், ஒன்று முடிந்து ஒன்றாக எண்ணுகிறார்கள். ஒரு சாவடிக்கு ஒரு மணி நேரம். முந்நூறு சாவடிக்கு முந்நூறு மணி நேரம் ஆகத்தானே செய்யும்? இயந்திரங்களை எண்ண அதே கூடத்தில் பதினான்கு மேசை போடுகிறோமே, சீட்டுக்கும் பதினான்கு கூண்டு போட்டால் இருபத்திரண்டு மணி நேரத்தில் முடியும். இரண்டு பகல். அந்தச் சீட்டு சின்னதாக, வழவழப்பாக, சுருண்டுகொள்ளும் தாள் என்பது உண்மை. இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டும்போது இரண்டு ஒட்டிக்கொண்டு வரும், எண்ணும் கையில் தவறு வரும். முடியாத வேலை என்று மட்டும் சொல்லாதீர்கள். இத்தனை வண்ணச் சீட்டுகளை விடிய விடிய எண்ணியவர்கள் நாங்கள்.

சீட்டை வாக்காளர் கையில் கொடுத்து அவரே பெட்டியில் போடட்டும் என்றும் அந்த வழக்கில் கேட்டார்கள். இதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. சீட்டு கைக்கு வந்தால் அது வாசலைத் தாண்டும். "சீட்டைக் காட்டு, பணத்தை வாங்கிக்கொள்" என்று நிற்க ஆள் இருக்கும் ஊர் இது. வேலூர் தேர்தல் எதனால் நின்றது என்பதை மேலே சொல்லிவிட்டேன். கண்ணாடியைத் தெளிவாக்குங்கள், ஏழு விநாடியைக் கூட்டுங்கள், அது நியாயம். என் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் சீட்டு விழுந்துவிட்டது என்றாள். வெளிச்சம் நேராகப் பட்டால் விவிபேட்டின் உணர்வி தடுமாறும் என்பதால், 2018-ல் கைரானா இடைத்தேர்தலில் பல பெட்டிகள் நின்றுபோன பிறகு, ஜன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது என்று எங்களுக்கு அறிவுறுத்தல் வந்தது. அதனால் இருண்ட மூலையில் வைக்கிறோம். மூத்தவர்களுக்கு அந்த மூலை எட்டுவதில்லை.

நான் தேர்ந்தெடுப்பது வேறு. எத்தனை சாவடியின் சீட்டை எண்ணுவது என்பதை வெற்றி வித்தியாசம் முடிவு செய்யட்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2017-லிருந்து இப்படித்தான் செய்கிறது. வித்தியாசம் குறைந்தால் அதிகத் தாள், கூடினால் குறைந்த தாள். எந்தத் தாளை எடுப்பது என்பதற்குப் பொதுமக்கள் முன்னால் பகடை உருட்டுகிறார்கள். நம் ஊரில் பகடைகூட வேண்டாம். அஞ்சலட்டை அளவு தாளில் சாவடி எண்ணை எழுதி, மடித்து, டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கும் வழக்கம் இப்போதே இருக்கிறது. எடுக்கும் எண்ணிக்கையை மாற்றினால் போதும்.

என் கணக்கு இது. வித்தியாசம் பதிவான வாக்கில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தொகுதியின் எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும். காட்பாடி போன்ற முடிவுகள் இதில் வரும். எல்லாத் தொகுதியும் இப்படி முடிவதில்லை என்பதால் நாட்டின் முடிவு ஐந்தாறு நாள் காத்திருக்காது, அந்தத் தொகுதி மட்டும் இரண்டு நாள் காத்திருக்கும். ஒன்றிலிருந்து ஐந்து சதவீதம் வரை என்றால் 50 சாவடிகள். முன்பு சொன்ன அதே அளவில், இரண்டு சதவீத வித்தியாசத்தைப் புரட்ட 25 இயந்திரம் வேண்டும். ஐம்பது சாவடியை எண்ணும்போது அது கண்ணில் படாமல் தப்புவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை. அதற்கு மேல் பத்து சதவீதம் வரை பதினைந்து இருபது போதும், அதையும் தாண்டினால் இப்போதுள்ள ஐந்தே இருக்கட்டும். ஏதாவது ஒரு சாவடியில் காரணம் சொல்ல முடியாத வித்தியாசம் வந்துவிட்டால், வரம்பு எதுவும் இல்லாமல் முழுத் தொகுதியையும் எண்ண வேண்டும். இதையெல்லாம் அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் விதியாகவே எழுத வேண்டும். இப்போது வேட்பாளர் எழுதிக் கேட்டால் 56டி விதியின்படி சீட்டை எண்ணலாம். ஆனால் ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் அதிகாரி கையில்.

2024 தீர்ப்பு தோற்றவர்களுக்கு ஒரு வழி திறந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் கேட்டால், தொகுதிக்கு ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதிப்பார்கள். சின்னங்களை ஏற்றும் கருவியையும் முத்திரையிட்டு 45 நாள் வைத்திருக்க வேண்டும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பொறியாளர் சொல்வதை நம்ப வேண்டிய இடத்துக்கே என் அக்கா மறுபடி வந்து நிற்கிறாள். சீட்டை எண்ணினால் அவளே எண்ணுவாள்.

என் கோரிக்கையில் இன்னொன்றையும் சேர்த்தேன். 2022-ல் வேலூர் மாநகராட்சியின் அறுபது வார்டுகள் உட்பட நகரங்கள் எல்லாம் விவிபேட் இல்லாமல் வாக்களித்தன. சில நூறு வாக்குகளில் வெற்றி தோல்வி முடிவாகும் வார்டுத் தேர்தலுக்குத்தான் தாள் சாட்சி முதலில் தேவை. இதைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஆச்சரியம்.

மூன்றாம் நாள் அந்தத் தம்பிகள் வந்தார்கள். மனுவின் முதல் வரியை அடித்துவிட்டு, அதற்குமேல் இரண்டு வரி எழுதிக் காட்டினேன்: வெற்றி வித்தியாசத்துக்கு ஏற்ப விவிபேட் சீட்டுகளை எண்ண வேண்டும், உள்ளாட்சி உட்பட எந்தத் தேர்தலும் தாள் சாட்சி இல்லாமல் நடக்கக் கூடாது. என்னிடம் படித்தவன் காட்பாடிக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தான். மற்றவன் ஒப்புக்கொள்ளவில்லை, அவன் மனு அவன் கையிலேயே இருக்கிறது. திருத்திய மனுவில் நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த தேர்தலில் காலை ஐந்தரை மணிக்கே சாவடியில் முகவராக உட்கார வேண்டும், மாலையில் 17சி நகலை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று அவர்கள் இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டேன்.